முதல் பேச்சு

எங்கள் வீட்டில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. காலையில் கண் விழித்ததும் யாரும் யாரோடும் பேசக் கூடாது. அன்றைய முதல் பேச்சு கர்த்தருக்கு. மனிதர்களுக்கு அதன் பிறகுதான். தண்ணீர் வேண்டுமென்றால் கையால் காட்டிக் கேட்க வேண்டும். தேள் கொட்டினால்கூட ஜெபம் முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நான் நினைத்திருந்தேன். நல்லவேளையாக எந்தத் தேளுக்கும் அந்த எண்ணம் வரவில்லை.

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே மண்தடத்தில் திரும்பினால், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவில் எங்கள் வீடு. பக்கத்து வீடு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்களுக்குக் கீழே, கிணற்றை ஒட்டினாற்போல். அங்கே இருந்தவரை நாங்கள் கீழ்க்காட்டுச் சித்தப்பா என்போம். சொந்தம் ஒன்றுமில்லை. அப்பாவை அவர் அண்ணா என்று கூப்பிட்டதால் எனக்குச் சித்தப்பா ஆகிவிட்டார். அப்பா ஒரு கோழிப்பண்ணையின் முட்டை வண்டி ஓட்டினார். அந்தத் தடத்தில் நாலு சக்கரம் உள்ள வண்டி அது ஒன்றுதான். அதனால் ஊருக்குள் யாருக்கு வயிற்றுவலி என்றாலும் அப்பாவைத்தான் எழுப்புவார்கள்.

அந்த வண்டி ஒருமுறை வளைவில் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்து, முன்பின் தெரியாத ஒரு பெண் ஜெபம் செய்தாராம். சற்று நேரத்தில் அப்பா தலைமுதல் கால்வரை மஞ்சள் கருவோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் நடந்து வந்தார். இனி கர்த்தர்தான் என்று அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அப்பா முழுதாக முடிவு செய்யவில்லை. வண்டியின் கண்ணாடியில் அம்மா ஒட்டிய வசனமும் இருந்தது. பம்பரில் முதலாளி கட்டிய எலுமிச்சம்பழமும் தொங்கியது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து அப்பா ஓட்டினார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வேதாகமத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத்துகளை விரலால் தடவிப் பார்ப்பாள். படிக்க முடியாததைச் செய்துகாட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேகம். சமைக்க அரிசி எடுத்தால் முதல் பிடி ஒரு துணிப்பைக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பை சபைக்குப் போகும். எருமை கறந்தால் முதல் டம்ளர் பாஸ்டர் வீட்டுக்கு. கொடியில் காய்த்த முதல் அவரைக்காய், கோழி இட்ட முதல் முட்டை, எல்லாமே அப்படித்தான். முதல் தோசை யாருக்கு என்று ஒருநாள் பயந்துகொண்டே கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனையைப் பார்த்த பிறகு நான் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர், விழித்ததும் உங்கள் நாக்கு யாரோடு முதலில் பேசுகிறதோ அவர்தான் உங்கள் வீட்டுக்கு எஜமான் என்று பிரசங்கம் செய்தார். கேட்டவர்களெல்லாம் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் வழக்கம்போல் பேசிக்கொண்டார்கள். அம்மா மட்டும் மறுநாள் காலையிலிருந்து பேசவில்லை.

அப்பா எதிர்ப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ இந்த ஒரு விஷயத்தில் உடனே ஒத்துக்கொண்டார். அவருக்கு வேறொரு காரணம் இருந்தது.

"விடியறதுக்கு முந்தி வெளிய இருந்து யாராச்சும் கூப்புட்டா ஏன்னு கேக்கக் கூடாது கண்ணு. அது மனுசனாட்டமே கூப்புடும். ஆனா மூக்குல பேசும். பதில் சொன்னியோ, ஒட்டிக்கும்" என்று என்னிடம் தனியாகச் சொல்லி வைத்திருந்தார்.

ஆக, அம்மா கடவுளை நினைத்துப் பேசாமல் இருந்தாள். அப்பா பேயை நினைத்துப் பேசாமல் இருந்தார். இரண்டும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு மிக ஒழுங்கான ஒரு மௌனத்தைக் கொடுத்தன. அப்பாவின் செல்போன்கூட ஜெபம் முடிகிறவரை அரிசி டப்பாவின்மேல் அணைந்து கிடக்கும்.

அந்த மௌனத்தில் சத்தம் போட அனுமதி பெற்றவன் நான் ஒருவன்தான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் என்பதால், தினம் ஒரு அதிகாரம் வாசிக்கும் வேலை எனக்கு வந்திருந்தது. நான் வாசிப்பது கர்த்தருடைய வார்த்தை என்பதால் அது பேச்சில் சேராது. முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசித்து வந்தோம். எதையும் தாண்டக் கூடாது என்பதில் அம்மா கறாராக இருந்தாள். வாசித்து முடித்ததும் அம்மா ஜெபம் செய்வாள். அப்பா ஆமென் சொல்வார். அப்புறம்தான் வீட்டில் வாய்கள் திறக்கும்.

அது ஒரு புரட்டாசி மாதம். மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போன வருஷம். மும்முனை மின்சாரம் விடியுமுன்தான் வரும். அது வந்ததும் கீழ்க்காட்டுக் கிணற்றில் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். அந்த ஓசை காட்டைத் தாண்டி எங்கள் சுவருக்குள் வந்து, நாங்கள் உட்கார்ந்திருக்கும் தரையில் மெல்ல அதிரும். எங்களுக்கு அதுதான் எழுப்புகிற மணி.

அன்றைக்கும் மோட்டார் ஓடியது. நாங்கள் எழுந்து சுவரோரம் உட்கார்ந்தோம். தங்கை பாயிலேயே கிடந்தாள். அவளுக்கு நாலு வயது; சட்டம் இன்னும் அவளுக்கு வரவில்லை. சின்ன பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் நான் புத்தகத்தைப் பிரித்தேன். அதிகாரம் முழுக்கப் பெயர்கள். இன்னாருடைய மகன் இன்னார், அவருடைய மகன் இன்னார் என்று பக்கம் பக்கமாகப் போனது. ஒவ்வொரு பெயரும் வாய்க்குள் நுழையாமல் மல்லுக்கட்டியது. எப்போதோ செத்துப்போன மனிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுப்புவதுபோல் வாசித்துக்கொண்டு போனேன்.

அப்போதுதான் வெளியே யாரோ கூப்பிட்டார்கள்.

"ங்ஙணா..."

நான் நிறுத்தினேன். தூரத்தில், தடத்துப் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. வாயைத் திறக்காமல் மூக்கு வழியாக விட்ட சத்தம்போல இருந்தது. எங்கள் எருமை சங்கிலியை இழுத்தது. அப்பாவின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. கழுத்தில் வேர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

மறுபடி கூப்பிட்டது. இப்போது பக்கத்தில். குரலில் பாதி எச்சிலாக இருந்தது. பிறகு எங்கள் வீட்டுச் சுவரில் ஏதோ உரசியது. ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே நடந்தால் வருமே, அந்தச் சத்தம். வாசல் பக்கம் தொடங்கி, மூலை திரும்பி, நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்துச் சன்னலுக்குக் கீழே வந்து நின்றது. சன்னலின் மரக்கதவில் ஒரு தட்டு. தட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. தெரியாமல் பட்ட மாதிரி.

பாயிலிருந்து தங்கை தூக்கக் கலக்கத்தில் சொன்னாள்: "சித்தப்பா கூப்புடுது."

அம்மா ஒரே எட்டில் போய் அவள் வாயைப் பொத்தினாள். மற்றொரு கையை என்னைப் பார்த்து நீட்டி, உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினாள். சத்தமாகப் படி என்று அர்த்தம்.

நான் படித்தேன். எனக்கிருந்த பயத்துக்குச் சத்தமாகப் படிப்பது ஒன்றுதான் வழியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலக் கத்திப் படித்தேன். பெயர்கள் தப்பாக வந்தன; யாருடைய மகன் யார் என்பதெல்லாம் மாறிப் போனது. சன்னலுக்குக் கீழே எருமைக்காகப் போட்டிருந்த சோளத்தட்டுச் சரசரத்தது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரம் முடிந்தது. அம்மா ஜெபிக்கத் தொடங்கினாள். அன்றைக்கு எதையும் குறைக்கவில்லை. மழைக்காக, அப்பாவின் வண்டிக்காக, என் படிப்புக்காக, சபைக்காக ஜெபித்தாள். தினமும் செய்வதுபோலக் கீழ்க்காட்டுச் சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் வீட்டையும் காட்டையும் ஆசீர்வதிக்கும்படி கேட்டாள். அப்பா ஆமென் சொன்னார். அவ்வளவு வேகமாக அவர் ஆமென் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தார். வெளியே சாம்பல் நிறத்தில் விடிந்துகொண்டிருந்தது. வாசலில் யாருமில்லை.

"பாத்தியா, ஒண்ணுமில்ல. பதில் சொல்லியிருந்தம்னா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அம்மா பால் கறக்கும் போசியை எடுத்துக்கொண்டு எருமையிடம் போனாள். போசி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க... இங்க வாங்க. வெரசா வாங்க!"

சன்னலுக்குக் கீழே சாய்த்து வைத்திருந்த சோளத்தட்டுக் கட்டுகளின்மேல் சித்தப்பா கிடந்தார். இமைகள் மூடியிருந்தன. கடைவாயில் நுரை வழிந்து காதுவரை போயிருந்தது. ஒரு கை சுவர்மேல், கடைசியாகத் தொட்ட இடத்திலேயே இருந்தது. நான் உட்கார்ந்து வாசித்த இடத்துக்கு நேர் மறுபக்கம். நடுவில் ஒரு சுவர்தான்.

"போயிட்டானா?" என்று அப்பா கேட்டார். அவரால் கிட்டே போக முடியவில்லை.

அம்மா சித்தப்பாவின் மூக்கில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்ததுபோல் எனக்குத் தோன்றியது.

"இருக்குது. வண்டிய எடுங்க."

காலி முட்டை அட்டைகளைப் பரப்பி, அதன்மேல் அவரைக் கிடத்தினார்கள். அம்மா பின்னால் ஏறி, அவர் தலையை மடியில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பும்போது அப்பா தலையை வெளியே நீட்டி, "டேய், மோட்டார் ஓடுது பாரு. போய் நிறுத்திட்டு பாப்பாவப் பாத்துக்க" என்று கத்தினார்.

கீழ்க்காட்டுக்கு நான் தனியாகப் போனேன். வயலுக்குள் மடை மாற்ற ஆளில்லாமல் தண்ணீர் வாய்க்காலை மீறித் தடத்தில் நின்றது. கணுக்கால்வரை நனைந்து நடந்தேன். மரவள்ளி இலைகள் அசையவே இல்லை. கிணற்றடியில் ஒரு டார்ச் தண்ணீருக்குள் கிடந்தது. அணையவில்லை. சேற்றுக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு வெளிச்சம் மேலே வந்தபடி இருந்தது. பக்கத்தில் அவருடைய ஒற்றைச் செருப்பு. வீட்டுக் கதவு திறந்திருந்தது. சித்தி பிள்ளைகளோடு தன் அம்மா வீட்டுக்கு, நோம்பித் திருவிழாவுக்குப் போயிருந்தார். மோட்டார் கொட்டகைக்குள் கைவிட்டுச் சுவிட்சைத் தட்டினேன். ஓசை நின்றது. அப்போதுதான் தெரிந்தது, நான் அத்தனை நேரம் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்து வந்திருக்கிறேன் என்று. அது நின்றதும் காடு முழுக்க என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. வீடுவரை திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

கட்டுவிரியன் என்றார்கள். கணுக்காலில் முள் குத்தியதுபோல் இரண்டு புள்ளி, வீக்கம்கூட இல்லையாம். அந்த விஷம் வலிக்காதாம். முதலில் கண் இமை விழும், அப்புறம் நாக்குத் தடிக்கும், குரல் மூக்குக்குப் போய்விடும், கடைசியில் மூச்சு. நாமக்கல்லில் மருந்து ஏற்றி, அங்கிருந்து சேலத்துக்குக் கொண்டுபோய் மெஷினில் மூச்சு விட வைத்தார்கள்.

அவர் திரும்பி வருகிறவரை எங்கள் வீட்டில் சட்டம் நடந்தது. ஆனால் மௌனம் பழைய மௌனமாக இல்லை. நான் வாசிக்கும்போது ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்தக் குரல் கேட்டது. சித்தப்பா சேலத்தில் படுத்திருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் சுவரில் கை உரசும், மூலை திரும்பும், சன்னலுக்குக் கீழே வந்து நிற்கும். நான் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்ப்பேன். அவளும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்க் கதவில் காதை வைத்து நின்றாள். கதவைத் திறக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு மட்டும் கேட்பதாக இருந்தால் பரவாயில்லை என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் கேட்கிறது என்று தெரிந்த பிறகுதான் மிகவும் பயந்துபோனேன்.

சித்தப்பா பிழைத்து வந்தார். ஊர் முழுக்க அதிசயம் என்றது. பாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்து, "சகோதரி, கர்த்தர் அந்த மனுஷனை உங்க ஜெபம் கேக்குற இடத்துல கொண்டுவந்து போட்டிருக்கார் பாருங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க சாட்சி சொல்லணும்" என்றார். சபையில் அம்மாவை இதுவரை யாரும் முன்னால் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும்தான். அந்த அதிகாரத்தை வாசித்தவன் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மாலையில் சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். சித்தியின் இடுப்பில் கால் கட்டிய ஒரு பெட்டைக்கோழி.

"புரட்டாசில நாங்க கோழி தொட மாட்டமுங்க. உங்க கோயிலுக்குத்தான். காணிக்கையா போட்டுருங்கக்கா" என்றார் சித்தி. அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எந்தாலி உங்க புண்ணியம்."

சித்தப்பா மெலிந்திருந்தார். குரல் மட்டும் சரியாகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"கண்ணுதான் தெறக்க முடியல சாமி. காது நல்லாக் கேட்டுச்சு. நீ பேரா படிச்ச பாரு, அத்தனையுங் கேட்டேன். எமலோகத்துல பேரு கூப்புட்டு ஆசர் எடுக்குறாங்கன்னு நெனச்சுட்டேன்." சிரித்தார். "எம்பேரு வருதா, எம்பேரு வருதான்னு கேட்டுட்டே கெடந்தேன். ஒருத்தம்பேரும் நம்மூருப் பேரா இல்ல. செரி, வேற ஊருக்காரங்க லிஸ்டுபோல, நம்மளுது இன்னும் வரலைன்னு கொஞ்சம் தெம்பா இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தோம். அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சித்தப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

"அப்பறம் பாத்தா அக்கா எம்பேரச் சொல்லி ஜெபம் பண்ணுது. செரி, முடிஞ்சுதுடான்னு நெனச்சேன். ஆனா அந்தச் சத்தத்தப் புடிச்சுட்டுத்தான் கெடந்தனுங்க. போன் போட்டேன், சுச்சாப்புன்னு வந்துச்சு. நடந்து வந்து கூப்புட்டேன், கேக்கலையாட்ட இருக்குது. தம்பி அவ்வளவு சத்தமா படிச்சுட்டு இருந்தான். எங்க கேக்கும்?"

அப்பா உடனே, "கேக்கலப்பா" என்றார்.

அம்மா டீ டம்ளர்களை நீட்டிக்கொண்டிருந்தாள். நீட்டியபடியே சொன்னாள்: "கேட்டுச்சு தம்பி."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அவசரமாக, "கேட்டுச்சுப்பா. ஆனா மூக்குல கேட்டுச்சா, நாங்க என்னமோ ஏதோன்னு..." என்றார்.

சித்தப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டார். "பேயின்னு நெனச்சுட்டீங்களாக்கும்! நானே எங்கொரலக் கேட்டுப் பயந்துட்டன்ணா. அந்நேரத்துக்கு யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. உடுங்கக்கா."

அத்தோடு விட்டிருக்கலாம். தப்பிக்க வழி திறந்து கொடுத்தவரே அவர்தான். யாருக்கும் ஒரு மனத்தாங்கலும் வந்திருக்காது. கோழி சபைக்குப் போயிருக்கும். அம்மா முன்னால் நின்று சாட்சி சொல்லியிருப்பாள். நான் சாட்சியில் ஒரு பாத்திரமாகியிருப்பேன்.

"பேயின்னு நான் நெனைக்கல" என்றாள் அம்மா. "ஆளுன்னு தெரியும். நீங்கன்னு பாப்பா சொல்லுச்சு. அவ வாயப் பொத்திட்டு, இவனச் சத்தமா படிக்கச் சொன்னேன். சாமிக்கு மொதல்ல முடிச்சுட்டு அப்பறம் வந்து பாக்கலாம்னு உக்காந்திருந்தேன்."

தங்கை தரையில் கிடந்த கோழியின் கொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தி எழுந்தார். "தெரிஞ்சுட்டேவா உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டார். சத்தமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார். அம்மா ஆமென்று தலையை அசைத்தாள். சித்தி கோழியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். மண்தடம் முழுக்க அந்தக் கோழி கத்திக்கொண்டே போனது.

சித்தப்பா டீயைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தார். டம்ளரை அம்மாவிடம் கொடுத்தார். "வாரங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தடத்தைத் தாண்டுகிறவரை பொறுத்திருந்து அப்பா வெடித்தார். "உன்ன யாரு கேட்டாங்க? அவனே பேயின்னு சொல்லி முடிச்சுட்டான். ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா உன் வாயில முத்தா உதுந்துரும்?"

அம்மா டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் சபையில் பாஸ்டர் அம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். அம்மா எழவில்லை. சகோதரி வெட்கப்படுகிறார் என்று அவர் கூட்டத்துக்குச் சொன்னார். எல்லோரும் அன்போடு சிரித்தார்கள். பாஸ்டரே அந்தச் சாட்சியைச் சொல்லி முடித்தார். அதில் குரல் இல்லை, சுவரில் உரசிய கை இல்லை. ஜெபித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பமும், அவர்கள் வாசலில் கர்த்தர் கொண்டுவந்து சேர்த்த ஒரு மனிதரும் மட்டுமே இருந்தார்கள். கேட்க மிகவும் நன்றாக இருந்தது. அம்மா அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஊரே பாராட்டுகிற நேரத்தில் இவள் ஏன் இப்படி என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த நாள் காலை மோட்டார் ஓசைக்கு விழித்தேன். அம்மா எங்களுக்கு முன்பே எழுந்திருந்தாள். விளக்கைப் போடவில்லை. நேராகப் போய்க் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். இருட்டு உள்ளே வந்தது. கூடவே ஈரமண் வாசமும். அவள் நிலைப்படியில் நின்று, வெறும் வாசலைப் பார்த்து, நன்றாகக் கேட்கும்படி சத்தம் போட்டாள்.

"யாருங்க? வெளிய யாராச்சும் இருக்கீங்களா?"

அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்தார். "அய்யோ! என்ன பண்ணுற புள்ள!" என்றார். அதுவரை ஒருநாளும் ஜெபத்துக்கு முன்னால் வாய் திறக்காத மனிதர், அன்று வாய் திறந்துவிட்டார்.

அம்மா திரும்பவில்லை. கேட்டுவிட்டு நின்றாள். ஒரு பதிலும் வரவில்லை. எருமை மூச்சு விடுவது கேட்டது. அவள் படியிறங்கி, சுவரைத் தொட்டுக்கொண்டே மூலை திரும்பி, சன்னலுக்குக் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுவரில் கை உரசுகிற சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. அப்புறம் அவள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, என்னிடம் புத்தகத்தை நகர்த்தி, "இப்பப் படி சாமி" என்றாள். கதவு திறந்தே கிடந்தது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மழையானாலும் பனியானாலும் முதலில் கதவு. முதலில் அந்தக் கேள்வி. நான் கல்லூரி விடுதிக்குப் போகிற வரைக்கும் அது மாறவில்லை. அப்பா தன் பாயை உள் அறைக்கு மாற்றிக்கொண்டார். யாரும் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. அம்மா ஒருநாளும் கேட்காமல் இருக்கவில்லை.

எனக்கு அது தாங்க முடியாத துக்கமாக இருந்தது. இத்தனை நாள் கர்த்தருக்கென்று காப்பாற்றி வைத்த முதல் பேச்சை அவள் கொண்டுபோய் இருட்டுக்குக் கொடுக்கிறாளே, மூக்கால் பேசுகிற எதையோ தினமும் வீட்டுக்குள் கூப்பிடுகிறாளே என்று பயந்தேன். ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். மோட்டார் ஓசை கேட்டதும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வேன். அம்மாவின் கை தாழ்ப்பாளைத் தொடுவதற்குள், கர்த்தரே, எங்க அம்மாவை மன்னித்துவிடும் என்று உதடு மட்டும் அசையச் சொல்லி முடித்துவிடுவேன். வெளியே அவள் குரல் காட்டைத் தாண்டிப் போகும்: யாருங்க, யாராச்சும் இருக்கீங்களா என்று. நான் போர்வைக்குள் கதகதப்பாகக் கிடப்பேன். எங்கள் வீட்டில் கடவுளை முதலில் வைக்கிற ஆள் இனி நான் ஒருவன்தான் என்று நம்பிக்கொண்டு.